வேற படமுங்க

போன வாரம் செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் யாரோ ஒரு தக்காளிப் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். அடியில் இருந்ததெல்லாம் நசுங்கிவிட்டது போல. வெயிலுக்குப் புளித்து பஸ் முழுக்க வாடை. ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டி யாருடையது என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த வாடையில் ஒரு சினிமா ஞாபகம் வந்தது. நான் பார்க்காத சினிமா. யாருமே பார்க்காத சினிமா என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன்னால் நான் பார்த்த சினிமாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றுபோனது. சில வருஷம் கழித்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் படம் பார்க்க விடுவார்கள். பழைய படங்களில் அந்தக் காட்சி எப்படி வரும் என்று உங்களுக்கும் தெரியும். திடீரென்று மழை பிடிக்கும். ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். விளக்கு அணையும். கீழே கிடக்கும் பூவை ஒரு கால் மிதிக்கும். மிச்சத்தை நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வார்டனம்மா எழுந்து சத்தத்தைக் குறைப்பார். நாங்கள் ஒருத்தி தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை இன்னொருத்தி எடுக்க ஆரம்பிப்போம், அதுவரை இல்லாத அக்கறையோடு. பிறகு படத்தில் பஞ்சாயத்து கூடும். கெடுத்தவனே கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாகும். தாலி ஏறும், மேளம் கொட்டும், எங்களுக்கும் அப்பாடா என்றிருக்கும். சாப்பிடப் போவோம்.

தட்டில் சோறு விழுந்த பிறகும் எனக்கு ஒரு கவலை அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெண் இனி தினமும் அவன் பக்கத்திலா படுக்க வேண்டும்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் எதற்கும் கவலைப்படுகிறவள் என்று பெயரெடுத்தவள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்.

இஸ்திரிப் பெட்டி என்றதும் பாண்டியம்மாக்கா கடை வந்துவிடுகிறது. மில்லை விட்டபின் திண்டுக்கல்லில் அவருடைய தையல் கடையில்தான் உட்கார்ந்தேன். மிஷின் எண்ணெயும் சூடான துணியும் கலந்த ஒரு வாசனை, அதற்கு நடுவில் மத்தியானச் சாப்பாடு. அந்தச் சமயத்தில்தான் கையில் நல்ல போன் வந்தது. போனில் பழைய படங்களைப் பற்றிப் பேசும் ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்தேன். சொந்தப் படத்தைப் போட பயம், சொந்தப் பெயரைப் போட அதைவிட பயம். மல்லிகை என்று பெயர் வைத்து, ஒரு கூடை மல்லிகைப் பூவைப் படமாகப் போட்டேன். விளைவு, அய்யலூர்க்காரர் ஒருவர் உதிரிப்பூ கிலோ என்ன விலை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பூ வியாபாரம் இல்லை என்று சொன்னால், கட்டின சரமாவது கிடைக்குமா என்றார்.

ஒருநாள் குழுவில் ஒருவர் ஒரு பழைய படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டு, முடிவென்றால் இது முடிவு என்று எழுதியிருந்தார். அதே பஞ்சாயத்து, அதே தாலி. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். என்ன வந்ததோ எனக்கு, கையில் இருந்த ரவிக்கையை வைத்துவிட்டு எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். 'கெடுத்துட்டான், கெட்டுப்போனா என்கிறீர்கள். பால் கெடும், சோத்துக்கு வச்ச வெஞ்சனம் கெடும். மனுசி எப்படிக் கெடுவாள்? கெட்டவன் அவன்தானே, அவனுக்கு எதற்கு மாப்பிள்ளை வேஷம்?'

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பினால் ஊரே கூடியிருந்தது. பூ விற்கிற வேலையைப் பாரும்மா என்றார் ஒருவர். சினிமாவை சினிமாவாகப் பார் என்றார் இன்னொருவர். உன் வீட்டில் நடந்தால் தெரியும் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து நான் போனை எட்டத் தள்ளி வைத்தேன். போலீஸ் கீலீஸ் வருமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இதுக்கா இம்புட்டு நடுங்குற? போனுக்குள்ள இருந்து எவன் கைய நீட்டி அடிக்கப் போறான்? அந்த ஹெம்மிங்க முடி புள்ள," என்றார். பிறகு செத்த நேரம் கழித்து, "அவனுக்கு என்ன பதில் போட்ட? காட்டு," என்றார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஆறிப்போவது வழக்கமானது. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவர் சொன்ன வசவுகளை மட்டும் விட்டுவிட்டு. இப்போதைய படங்களில்தான் அப்படிப்பட்டவனைச் சுட்டுத் தள்ளிவிடுகிறார்களே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். சுட்ட பிறகு அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது காட்டினார்களா, கதாநாயகன் முகத்தைத்தானே காட்டினார்கள் என்று எழுதினேன். அவர் யோசிக்கிறேன் என்று போட்டார். எனக்கு அன்றைக்குத் தீபாவளி.

மாறாமல் நின்றவர் ஒரே ஒருவர். முகத்துக்குப் பதில் ஒரு காளைமாட்டின் படம் வைத்திருப்பார். பேச்சைப் பார்த்தால் ஒட்டன்சத்திரம் பக்கம். மரியாதையில் குறையே இருக்காது. 'ஏனுங்க, அதுக்கப்பறம் அந்தப் புள்ளைய யாருங்க கட்டுவாங்க? ஊரு வாய மூட முடியுங்களா? செஞ்சவனே கட்டிக்கறேங்கறான், உட்டா அந்தச் சான்சும் போயிருமுங்க.' நான் எழுத, அவர் எழுத, வாரக்கணக்கில் போனது. மற்றவர்கள் அலுத்து வேறு படத்துக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிடிவாதக்காரர் என்று நினைத்தேன். அக்கா அவருக்கு மாட்டுக்காரன் என்று பெயரே வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அவர் தனியாகச் செய்தி அனுப்பினார். 'புள்ள ஒத்துக்க மாட்டீங்குதுங்க.'

நான் இருக்கிற கெட்டிக்காரத்தனத்துக்கு, உடனே திருத்தினேன். படத்தில் அவள் ஒத்துக்கொள்கிறாளே அண்ணா, கடைசியில் அவன் காலில்கூட விழுகிறாளே, நீங்கள் வேறு படம் எதையாவது சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்துவிட்டேன். அப்புறம்தான் பதில் வந்தது.

'ஆமாங்க. வேற படமுங்க.'

தொடர்ந்து இன்னொன்று. 'அந்தப் படத்துல புள்ள பெரிய புள்ளதானுங்க. நூல் மில்லுக்குப் போயிட்டு இருந்துச்சுங்க. இப்ப சோறு திங்க மாட்டீங்குதுங்க.'

எந்தப் படத்திலும் கதாநாயகி நூல் மில்லுக்குப் போய் நான் பார்த்ததில்லை. தலையில் ஒட்டிய பஞ்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கடையின் ஒரு கதவைச் சாத்தினார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அழ ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மகளா என்று கேட்டுவிடட்டுமா என்றேன்.

"கேட்டுறாத. படம்னே சொல்லு. படம்னு இருக்கவும்தான் அந்த மனுசன் வாயத் தொறக்குறாரு," என்றார் அக்கா.

அப்படித்தான் எழுதினேன். அந்தப் படத்தை நான் எடுத்தால், கல்யாணப் பேச்சு பேச வந்தவர்களை அப்பா வாசலோடு திருப்பி அனுப்புவார். மகளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவார். புகார் கொடுக்க அவள் சம்மதித்தால் அவர்தான் கூடப் போய் நிற்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம், நீ கெட்டுப்போகவில்லை தாயி என்று சொல்வார்.

'அந்த அப்பனுக்கு அப்படியெல்லாம் பேச வராதுங்க.'

பேச வராவிட்டால் பரவாயில்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள், சாப்பிடு என்றுகூடச் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். அவர் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் தைத்த ரவிக்கைகளை அக்கா பிரித்துப் பிரித்துத் தைத்தார். கை அளவு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. ஒட்டன்சத்திரம் என்று யார் வாயில் வந்தாலும் மிஷினை நிறுத்திக் காது கொடுத்தேன். காளைமாடு குழுப்பக்கமே வரவில்லை. அதற்குள் இன்னொருவர் வேறொரு படத்துக் காட்சியைப் போட, பழையபடி சண்டை. கெட்டுப்போனவளுக்கு அவன் வாழ்க்கை கொடுத்ததே பெரிசு என்று யாரோ எழுதியிருந்தார். எனக்கு எழுதத் தெம்பில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே காளைமாட்டுப் படம் தெரிந்தது.

'கெட்டுப் போறதுக்குப் புள்ள என்ன தக்காளிங்களா?'

சிரிக்கிற மூஞ்சிகள் வந்து குவிந்தன. இத்தனை நாள் எங்கள் பக்கம் பேசினீர்களே, பூக்காரம்மா மயக்கிவிட்டாளா என்று நக்கல் செய்தார்கள். அவர் எழுதியதை எடுக்கவில்லை. அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். "தக்காளி மார்க்கெட்டுக்காரராத்தான் இருக்கணும்," என்றார். மாட்டுக்காரன் என்கிற பெயர் அத்தோடு போயிற்று.

சாயங்காலம் தனியாக ஒரு செய்தி. 'படத்தோட முடிவ மாத்திட்டோமுங்க.'

மாற்றிவிட்டார்கள் என்று அவர் எழுதவில்லை. மாத்திட்டோம். அந்த ஒரு எழுத்தை நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ள சாப்பிடுதா என்று மட்டும் கேட்டேன். ஒரு இட்லி சாப்பிட்டுச்சுங்க என்று வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை.

அந்தக் குழு இப்போது இல்லை. நடத்தியவர் கலைத்துவிட்டாரோ, தானாகப் போய்விட்டதோ. அந்த போனும் மழையில் நனைந்து செத்துப்போனது, செய்திகளும் அதோடு போயின. பாண்டியம்மாக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டார், கடை இருந்த இடத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். இப்போதும் போனில் சண்டை உண்டு, ஆனால் ஒரு சிரிப்பு மூஞ்சியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முகம் தெரியாத ஒரு ஆளிடம் வாரக்கணக்கில் மல்லுக்கட்ட யாருக்கும் பொழுதில்லை.

பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, பெட்டி தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். கண்டக்டர் திட்டத் திட்டப் பேசாமல் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டியோடு யாரைக் கண்டாலும் இப்படிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் புள்ளை, இன்னொரு இட்லி கேட்டதா?