தொலைபேசியில் தின்ற பினாங்கு

பினாங்குத் தெருக்களில் நான் ருசி பார்க்காத கடை இல்லை. அந்த ஊரில் அதுவரை நான் கால் வைத்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், கிங்ஸ்பரியில் ஓர் அறையில் இருந்தேன். அகதி விண்ணப்பம் போட்டிருந்தேன். பதில் வரும்வரை நாட்டை விட்டு அசைய முடியாது. எனக்கு இருந்த ஒரே அக்கா, மலாயாவில் வேர்விட்ட யாழ்ப்பாணக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு பினாங்கில் இருந்தார். ஞாயிறு மத்தியானம், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், டெலிபோன் எடுப்பார். வாட்டிய பாண் ரொட்டியையும் டின் மீனையும் மடியில் வைத்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைப்பேன். அக்கா என்னைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போவார்.

"வலப்பக்கம் திரும்படா. சீனாக்காரன்ர தாச்சி தெரியுதே? மட்டி போட்டு நூடில்ஸைப் பிரட்டுறான். தள்ளி நில், சேட்டில எண்ணெய் தெறிக்கும்."

நான் உண்மையாகவே கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

"இனிச் சாத்தே. மலாய்க்காரர் விசிறி விசிறிச் சுடுறார். ஈர்க்கில குத்தின ஆட்டிறைச்சி. கச்சான் கடலைக் குழம்பில தோய்ச்சு… ம்ம்ம்."

அதன்பிறகு மெல்லும் சத்தம். விரல் சூப்பும் சத்தம். என் மடியிலிருந்த டின் மீனைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும்.

"எனக்கு வைச்சிருக்கிறியளோ?"

"முடிஞ்சுது. நீ வா, புதுசா வாங்கித் தாறன்."

ஒவ்வொரு ஞாயிறும் அந்த "நீ வா"வோடுதான் முடியும். நான் போகவில்லை. இங்கே தங்க விசா வரவில்லை. கடைசியில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கலியாணத்தைச் சாட்டி அக்காதான் ஒரு கிழமைக்கு லண்டன் வந்தார்.

வருகிறார் என்று கேட்டதும் துள்ளினேன். துள்ளிய கால் தரையில் படுவதற்குள் பயம் வந்துவிட்டது. இத்தனை வருடம் எனக்குத் தெருத்தெருவாக ஊட்டியவரை நான் எந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவது? லண்டன் தெருவில் வஞ்சகமில்லாமல் கிடைப்பது மழை ஒன்றுதான். யோசித்து யோசித்து, நம்மவர் கடைகள் நிறைந்த வெம்பிளியைத் தெரிவுசெய்தேன். முதல் நாளே தனியாகப் போய், முழுப் பாதையையும் நடந்து, எல்லாக் கடையிலும் தின்று ஒத்திகை பார்த்தேன். அன்றிரவு சோடா குடித்துவிட்டுப் படுத்தேன். அது எண்ணெய்க்கா பயத்துக்கா என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள், சுற்றுலா வழிகாட்டிகள் செய்வதுபோல, குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தேன். பின்னால் வந்த கூட்டம் அக்கா ஒருவர்தான்.

"குடையை எனக்கும் பிடியன்ரா, நனையிறன்."

குஜராத்திக் கடையில் மரவள்ளிப் பொரியல். விரும்பிச் சாப்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்தது என் துருப்புச் சீட்டு, எங்கள் ஆட்களின் கடை ஆட்டிறைச்சி ரோல்ஸ். ஆவி பறக்க நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். நீ சாப்பிடு."

இன்றைக்கு வெள்ளிக்கிழமையோ? இல்லை, புதன். ரோல்ஸ் பழசோ? கடித்துப் பார்த்தேன். அருமை. அப்படியென்றால் பினாங்கு நாக்குக்கு லண்டன் ஏறவில்லை. அடுத்த கடையில் கோழிப் பொரியல். வேண்டாம். அதற்கடுத்ததில் மீன். வேண்டாம். பதற்றத்தில் எல்லாவற்றையும் நானே விழுங்கினேன். வழிகாட்டிக்கு வயிறு வெடிக்கப் பார்த்தது. சுற்றிப்பார்க்க வந்தவர் மரவள்ளியோடு நின்றுவிட்டார்.

பஸ் தரிப்பிடத்தில் உடைந்தேன். "அக்கா, இஞ்சத்தைய சாப்பாடு பிடிக்கேல்லை எண்டாச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் அழமாட்டன்." குரல் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது.

"விசரா. நான் மீன் இறைச்சி தொடுறேல்லை."

"எப்ப தொடக்கம்?"

"நீ லண்டனில இறங்கிட்டாய் எண்டு போன் வந்த அண்டைக்கு முருகனுக்கு நேத்தி வைச்சனான். உனக்கு விசா கிடைச்சாப் பிறகுதான் வாயில வைப்பன் எண்டு."

"அப்ப சாத்தே? விரல் சூப்பின சத்தம்?"

"அது உன்ர அத்தான். போனுக்குப் பக்கத்தில இருத்திச் சாப்பிட வைக்கிறனான். அவற்ற முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் உனக்குச் சொல்லுறது. உனக்கு விசா வாறத்துக்கிடையில அந்த மனுசனுக்குக் கொலஸ்ட்ரோல் வந்திட்டுது."

இருவரும் சிரித்ததில் எங்கள் பஸ்ஸைத் தவறவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடையை முழுவதுமாக அவர் பக்கம் பிடித்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவர் திரும்பிப்போய் நீண்ட காலத்துக்குப் பிறகு விசா வந்தது. அன்று ஞாயிறில்லை. நானே டெலிபோன் எடுத்தேன். சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கம் அழுகை. அழுகை முடியவில்லை, அத்தானைச் சாத்தே கடைக்குத் துரத்தும் சத்தம்.

"போனை வைச்சிடாதை. அவர் வருமட்டும் நில்லு."

நின்றேன். கடதாசிப் பொதி பிரியும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம். அத்தானுடையதுபோல் இல்லை. மிக மெதுவாக இருந்தது.

"எப்பிடி அக்கா?"

மெல்லும் சத்தம்தான் தொடர்ந்தது. வழக்கமான பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. "அக்கா? சொல்லுங்கோவன். எந்தப் பக்கம் திரும்பிறது?"

"பொறடா, வாய்க்குள்ள கிடக்கு."

பொறுத்தேன். கிங்ஸ்பரியில் நின்றுகொண்டு, அக்கா விழுங்கும்வரை பொறுத்தேன்.

"கொஞ்சம் ஆறிப்போச்சு," என்றார் கடைசியில். "சுடச்சுட எண்டா கடையடியில நிண்டுதான் தின்ன வேணும். இப்ப வரலாம்தானே? நீ வா."