காஸ்ட் எது?

காஸ்ட் என்றால் எறிவது என்றுதான் என் ஆங்கில அகராதி முதலில் சொல்கிறது. வலை வீசுவது, ஓட்டுப் போடுவது, அச்சில் ஊற்றி வார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. எழுபதுகளின் தொடக்கத்தில், படிப்பை முடித்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்த வாரம், கடைசிப் பொருள் மட்டுமே எனக்கு நினைவில் இருந்தது.

அங்கே அச்சுகளில் களிமண் கூழை ஊற்றுகிற ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை காய்ந்த வெள்ளை மண். ஊற்றியதும் அச்சை விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார்.

அன்று சூளையிலிருந்து வந்த கோப்பைகளில் பாதி வெடித்திருந்தன. எந்த வார்ப்பில் கோளாறு என்று பார்க்க நோட்டோடு அவரிடம் போனேன்.

"உங்க காஸ்ட் எதுங்க?"

பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்த நாலு பேரின் கைகளும் நின்றன. அவர் நிமிர்ந்தார்.

"அதுக்கும் வெடிப்புக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"அதுலதாங்க எல்லாமே இருக்குது. தெரிஞ்சாத்தான் தப்பு எங்கன்னு எழுத முடியும்."

நால்வரில் ஒருவர் சிரித்தார். "சொல்லேன்யா, அம்மா எழுதிக்கட்டும்."

நான் கேட்டவர் கூழ் ஊற்றும் குவளையைக் கீழே வைத்தார். "இதுக்கு நான் வேலைய வுட்டுட்டே போயிடுறேம்மா."

நான் சாதியைக் கேட்டதாக அவர் நினைக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. அச்சில் கீறியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, இந்த நம்பரைத்தாங்க கேட்டேன்."

"ஏழு" என்றார். எழுதிக்கொண்டேன்.

"நீங்க நம்பரைத்தான் கேட்டீங்க, சரி. இவங்க எதுக்கு வேலைய நிறுத்திட்டு என் வாயையே பாத்துக்கினு இருந்தாங்க?"

நால்வரும் குனிந்து ஊற்றத் தொடங்கினார்கள். பதில் சொல்லியிருக்க வேண்டியது அவர்களா, நானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.