பேராலயத்தில் ஓர் அரைப்புள்ளி

மதுரையில் கிறிஸ்தவப் பேராலயத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இன்று காரைக்குடியிலிருந்து தனியாகப் பஸ் ஏறிப் போனேன்.

வாசலில் வழிகாட்டித் தம்பி, "எத்தனை பேர் வந்திருக்கீக ஆச்சி?" என்றார்.

"அரைப்புள்ளி" என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

"அப்படின்னா?"

"எங்க கோயில் வரிக் கணக்குல புருசனும் பொண்டாட்டியும் சேந்தாத்தான் ஒரு புள்ளி. ஒருத்தர் போயிட்டா, மிச்சம் இருக்கறவுக அரை."

"இங்குட்டு நீங்க முழு ஆளுதான், வாங்க" என்றார்.

1970களில் என் வீட்டுக்காரர் இதே வாசல் வரை என்னைக் கூட்டி வந்தார். கூட வந்த நாத்தனார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, இதுல என்னத்தப் பாக்கப் போறீக" என்று திருப்பிவிட்டாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் கோபம்தான் இன்னும் போகவில்லை.

உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கிடந்தது. "பாத்தீகளா" என்று பக்கத்தில் திரும்பினேன். தூண்தான் நின்றது.

நம் பக்கத்து அரைப்புள்ளிகள் யாராவது வாரீகளா? இன்னொரு தடவை போகலாம். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்றுதானே.

நாத்தனார் இருக்கிறவர்கள் அவரை வீட்டில் விட்டுவிட்டு வரவும்.