இடிதாங்கியின் அறுந்த பட்டை

செம்பைத் தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு பச்சை வாடை வரும். நான் ஏழாவது படித்த வருடம் முழுக்க அப்பாவின் விரல்களில் அந்த வாடைதான். கம்பைநல்லூரைச் சுற்றி நான்கைந்து ஊர்களுக்கு அவர்தான் 'ஒயரிங்' வேலை பார்த்தார். எங்கள் பள்ளிக் கூரையில் இடிதாங்கி வைத்தவரும் அவரே. வைக்கக் காரணம் நான்.

ஆண்டு விழாவில் பழைய காலத்து அமெரிக்கத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசினேன். பெயர் வாயில் நுழையாமல் 'பட்டம் விட்ட தாத்தா' என்றே சமாளித்தேன். மெழுகுவர்த்தி காய்ச்சுகிறவர் மகனாகப் பிறந்து, அச்சகத்தில் எழுத்துக் கோத்து, நாட்டின் விடுதலைக்கு நின்ற பெரியவர்களில் ஒருவராகி, இடையிடையே குளிருக்கு இரும்பு அடுப்பும், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே கண்ணாடியும், வீட்டைக் காக்க இடிதாங்கியும் செய்து, எதற்கும் உரிமை கொண்டாடாமல் ஊருக்கே விட்டுவிட்டார் என்று முடித்தேன். "பொழைக்கத் தெரியாத மனுசன்" என்றார் அப்பா. தலைமை ஆசிரியரோ அடுத்த மாதமே செம்பு வாங்கிக் கொடுத்து அப்பாவை ஏணி ஏற்றிவிட்டார். கூரையில் கூர்க்கம்பி, அதிலிருந்து பின்சுவரில் இறங்கும் பட்டை, அது போய்ச் சேரக் கரியும் உப்பும் கொட்டிய குழி. மேலே விழும் இடி பட்டை வழியாக மண்ணுக்குள் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் 'இரிடியம்' பைத்தியம் பிடித்தது. இடி விழுந்த செம்பு இரிடியமாகிவிடும், அரிசியைக் கிட்டக் கொண்டுபோனால் இழுக்கும், 'பெங்களூர் பார்ட்டி' கோடி கொடுப்பான் என்று ஆட்கள் கோயில் கலசங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். அப்பா கெட்டிக்காரராயிற்றே, கலசத்தைத் திருடப் போகவில்லை. பள்ளியின் பின்சுவரில், புதர் மறைவில், செம்புப் பட்டையை அறுத்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

"கீழ எறங்குனா மண்ணோட போயிடும். மேலயே நிக்கணும் பாப்பா. ஒரே ஒரு இடி போதும்."

"உள்ள நாங்க இருக்கமேப்பா."

"வெளிய சொன்னீனா என்னப் புடிச்சிக்கினு போயிடுவாங்க."

மைக்கில் ஊருக்கே சொன்ன வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மேகம் கறுத்தாலே வகுப்பில் பின்சுவரை விட்டுத் தள்ளிப் போய் உட்காருவேன்.

முழுப் பரீட்சையின் கடைசி நாள், பகலே இருட்டிக்கொண்டு இடித்தது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் மொபெட் வந்து விழுந்தது. கொட்டுகிற மழையில் புதருக்குள் புகுந்து, அறுந்த பட்டையை அவர் முறுக்கி இணைத்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்காகத்தான் ஓடிவந்தார், அதில் சந்தேகமே இல்லை. அப்பாடா என்று இருந்தது.

மூன்றே நாளில் பட்டை மறுபடி அறுந்திருந்தது. கேட்டேன். "லீவு உட்டாச்சில்ல. உள்ள யாரு இருக்கறா?"

வைகாசியில் ஒரு மாலை மழைக்கு, ஆடு மேய்க்கிற மாதம்மாக்கா தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளி வராந்தாவில் ஒதுங்கினார். எப்போது பார்த்தாலும் மடியிலிருந்து கொடுக்காப்புளி எடுத்துத் தருகிறவர். இடி கம்பியில் விழுந்து, இறங்க வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. அக்காவும் மூன்று ஆடுகளும் வராந்தாவிலேயே முடிந்துபோனார்கள்.

இடிதாங்கி இருந்தும் இப்படியா என்று ஊர் கொதித்தது. சுவரோடு பட்டையும் பிய்ந்து கிடந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கம்பிதான் இடியைக் கூப்பிட்டது என்று தீர்ப்பாகி, அதைக் கழற்றச் சொல்லி அப்பாவையே ஏற்றினார்கள். அன்று அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, ஒரு கைப்பிடி அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மணிகூட அசையவில்லை.

அந்தக் கட்டடமும் வராந்தாவும் இன்று இல்லை, இரிடியப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. புதுக் கட்டடத்தில் என் மகள் படிக்கிறாள். போன கிராம சபையில், வெளியூரிலிருந்து வந்த டீச்சர் பள்ளிக்கு இடிதாங்கி வேண்டுமென்று கேட்டார். முதலில் எழுந்தவர் என் அப்பா.

"வேணாங்க டீச்சர். அது இடியக் கூப்புடும். ஏற்கெனவே ஒரு உசுரு போயிருக்குதுங்க."

கூட்டம் தலையாட்டியது. டீச்சர், படித்தவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.