இறங்காமல் ஞாறக்கல் வரை

காலை 7.30, மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரியிலிருந்து ஞாறக்கல் போனதை ஒரு பயணம் என்று எழுதினால் கொச்சிக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஃபோர்ட் கொச்சிக்கு மூன்று கிலோமீட்டர். அங்கே ஜங்கார் படகில் ஏறினால் கழிமுகத்தைக் கடந்து சில நிமிடங்களில் வைப்பின் தீவு. அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போனால் ஞாறக்கல். ஆட்டோவில் போகிறவன் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சேர்ந்துவிடுவான். ஆனால் 2002-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைப்பினுக்குப் பாலம் வராத அந்தக் காலத்தில், என் காரில் நாங்கள் போன விதத்தை வைத்துப் பார்த்தால் அது பயணம்தான். தீர்த்தயாத்திரை என்றும் சொல்லலாம்; வழியெல்லாம் அத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் வண்டி. சிவப்பு. கதவு இரண்டு. பின்னால் தூக்கித் திறப்பதையும் சேர்த்து மூன்று என்று நான் சொல்வேன். என் மனைவி வசந்தா சேர்க்க மாட்டாள். அந்தச் சிங்கப்பூர்க்காரரின் மகன் ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியைத் தாழ்த்தி, முன்பம்பருக்குக் கீழே கறுப்பாக ஒரு ஸ்பாய்லரையும் மாட்டியிருந்தான். கோபித்துக்கொண்ட குழந்தை உதட்டைப் பிதுக்குவதுபோல இருக்கும். அவன் படிக்க வெளியூர் போனதும் வண்டி என்னிடம் வந்தது. அப்போதே அதற்குப் பத்து வயது தாண்டியிருந்தது.

எனக்கு நாற்பத்து மூன்று. கொச்சங்காடியில் ஒரு சுக்கு மிளகு கிடங்கில் விற்பனையாளன். சாம்பிள் பைகளை எடுத்துக்கொண்டு தினமும் எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய்வருவதுதான் வேலை. அதற்கு ஒரு மொபெட் போதும் என்று ஊரே சொன்னது. காரை விட்டு இறங்கும்போது என் முழங்கால்கள் இரண்டும் சத்தம் போடும். பார்ப்பவர்கள் கதவுக்கு எண்ணெய் விடச் சொல்வார்கள். ஆனால் தோப்பும்படிப் பாலத்தில் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால், பின்சீட்டில் இருக்கும் சாம்பிள் பைகள் பின்னால் போய் முட்டும். அந்த ஒரு நிமிடம் நான் சுக்கு விற்கப் போகிறவன் இல்லை. எங்கே போகிறவன் என்றும் தெரியாது. வேகமாகப் போகிறேன், அவ்வளவுதான்.

தொல்லை ஹம்புகளால், அதாவது வேகத்தடைகளால் வந்தது. சாலைக்குக் குறுக்கே மேடு வந்தால், ஆள் நிறைந்த என் கார் அடிவயிறு தட்டி உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. மேடு கண்ணில் பட்டதும் வசந்தா இறங்குவாள். சீட்டை மடக்குவாள். பின்னாலிருந்து அவள் அம்மா இறங்குவார். இருவரும் மேட்டை நடந்து கடப்பார்கள், நான் காலியாக ஓட்டிக் கடப்பேன், மறுபடி ஏறிக்கொள்வார்கள். பனையப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்து நிற்பார்.

அதற்கு முந்தின மாதம் பட்டுப்புடவையோடு மழையில் இறங்கி நடந்த அன்று வசந்தா முடிவுக்கு வந்தாள். அவள் தங்கை கணவன் தாமு ஞாறக்கல்லில் புது வீடு கட்டி, பால் காய்ச்ச நாள் குறித்திருந்தான். என் காரை வாங்க ஆள் பார்த்துவைத்திருந்ததும் அவன்தான்.

"அந்த வீட்டுக்கு என்னையும் அம்மாவையும் ஒரு தடவகூட எறக்கி விடாம கொண்டு போயிட்டா, வண்டி இருக்கட்டும்," என்றாள் வசந்தா. "ஒரு தடவ எறங்கினாலும், தாமு சொன்ன ஆளுக்கு அன்னைக்கே சாவிய குடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றேன். சொன்ன பிறகுதான் சாமிப்படத்தின் பக்கம் திரும்பினேன்.

பாரத்தைக் குறைக்க என்னென்ன செய்யலாமோ செய்தேன். ஸ்டெப்னியை எடுத்து வீட்டில் வைத்தேன். ஜாக்கி, ஸ்பானர், சாம்பிள் பைகள் எல்லாம் வெளியே. பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே. காலையில் இட்லி சாப்பிடவில்லை. இதையெல்லாம் செய்து முடித்து நிமிர்ந்தால், என் மாமியார் ஒரு பித்தளை அண்டாவோடு வாசலில் நிற்கிறார். மகளின் புது வீட்டுக்குச் சீர். அண்டாவுக்குள் குத்துவிளக்கு, தேங்காய், ஐந்து கிலோ அரிசி, பால் காய்ச்சும் பானை.

"மாப்ளே, இத எங்க வைக்கட்டும்?"

நான் சாப்பிடாமல் விட்ட நாலு இட்லிகளும் கண்முன் வந்து போயின.

காலை 8.15, ஃபோர்ட் கொச்சி படகுத்துறை

ஹம்பே இல்லாத வழியாகப் பார்த்து, சந்து சந்தாகப் புகுந்து வந்து சேர்ந்தேன். வழி கொஞ்சம் நீளம். ஒரு இடத்தில் ஒரே ஆட்டை இரண்டு முறை பார்த்தோம் என்று மாமியார் சொன்னார். பறவூர் சுற்றித் தரைவழியாகப் போகலாமே என்று கேட்பீர்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழி நெடுகப் பள்ளிக்கூடங்கள். பள்ளிக்கூடம் இருந்தால் ஹம்பு இருக்கும். படிப்பின் மேல் எனக்கு வெறுப்பு வந்ததே அந்த வண்டி வாங்கிய பிறகுதான்.

ஜங்காரைப் பார்க்காதவர்களுக்கு: அது தட்டையான ஓர் இரும்புப் படகு. லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், மனிதர்கள் எல்லாம் ஒரே தட்டில் நிற்போம். இரண்டு முனையிலும் கனமான இரும்புப் பலகை. கரைக்கு வந்ததும் அதைக் கரைமேல் சாய்ப்பார்கள். அதன் வழியாக வண்டிகள் ஏறி இறங்கும். கடலில் ஏற்றம் இருந்தால் படகும் கரையும் ஒரே மட்டம். வற்றிவிட்டால் படகு கீழே போய், பலகை ஏணியைப்போலச் சரிந்து நிற்கும். மலையாளப் பத்திரிகையில் ஏற்றமும் இறக்கமும் எத்தனை மணிக்கு என்று போடுவார்கள். அதைப் படிப்பவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் நானும்தான். அன்று காலை முழுக்க இறக்கம். பால் காய்ச்சவோ பத்தரைக்குள் முகூர்த்தம்.

காருக்கும் ஆட்களுக்குமாகச் சீட்டு வாங்கினேன், முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. முதல் வண்டி எங்களுடையது. பலகையின் அகலம் முழுதும் எனக்கே இருந்ததால் நேராக இறக்காமல் கோணலாக இறக்கினேன். ஒரு சக்கரம் முதலில், மற்றது பிறகு. ஸ்பாய்லர் தப்பியது. "இப்ப எந்த தெய்வம்?" என்று வசந்தா கேட்டாள்.

எங்களுக்குப் பின்னால் ஐஸ் ஏற்றிய ஒரு லாரி வந்தது. அது பின்முனையில் கால் வைத்ததும் அந்தப் பக்கம் தாழ்ந்து, நாங்கள் நின்ற முனை மெல்ல உயர்ந்தது. வசந்தா கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டாள். லாரி நடுவுக்கு வந்ததும் பழையபடி சமமானது. இடதுபக்கம் ஓர் ஆட்டோவும், வலதுபக்கம் மீன்கூடைகளோடு ஸ்கூட்டர்களும் ஒட்டி நின்றன. சங்கு ஊதியது.

காலை 8.40, வைப்பின் கரை

கரையில் இரண்டு பேர் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. ஒருவன் தாமு, பக்கத்தில் அவனுடைய ஜீப். இன்னொருவர் வெள்ளை வேட்டியில், கண்ணைச் சுருக்கி என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர். கோழித்தீவன வியாபாரி. நாளை வருகிறேன் என்றவரை இன்றே கூட்டிவந்திருந்தான்.

பலகை சாய்ந்தது. நான் மெதுவாக விட்டேன். கர்ரக். ஸ்பாய்லர் பலகையின் கீழ்நுனியில் போய்த் தட்டியது. பின்னால் எடுத்துக் கோணலாக விடலாம் என்றால் இடதுபக்கம் ஆட்டோ, வலதுபக்கம் ஸ்கூட்டர்கள். மறுபடி முயன்றேன். மறுபடி கர்ரக். பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

பலகைச் சங்கிலி பிடிக்கும் ஜங்கார்க்காரர் குனிந்து பார்த்தார். "சேட்டா, இது கேறில்ல. ஆளெ எறக்கு. எறக்கியா கேறும்."

அவர் சொன்னது சரிதான். இரண்டு பேரும் அண்டாவும் இறங்கினால் வண்டி நாலு விரல் உயரும், ஏறிவிடும். அதற்குப் பிறகு வண்டியும் போய்விடும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கரையிலிருந்து தாமு கத்தினான்: "என்ன சகலை, பிளேன் எறங்க மாட்டேங்குதா? அத்தையையும் அக்காவையும் எறக்கி விடுங்க. நான் ஜீப்ல கூட்டிட்டுப் போறேன். எனக்கு அப்பவே தெரியும், அதான் வண்டியோட வந்து நிக்கறேன்!"

தீவன வியாபாரி தன் திட்டத்தை அவனிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்பிரிங் மாத்தி ஒசத்திடலாம். பின்சீட்ட பிச்சு எடுத்துட்டா பத்து சாக்கு போகும்."

"எந்த சீட்ட?" என்றார் மாமியார், அண்டாவைக் கட்டிக்கொண்டு. "நான் உக்காந்திருக்கற சீட்டயா?"

வசந்தாவைப் பார்த்தேன். அவள் கை கதவுப்பிடியில் இருந்தது. அதைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் போதும், அவள் கேட்டது நடந்துவிடும். கதவைத் திறக்காமல் கண்ணாடியை இறக்கினாள்.

"எறங்க மாட்டேன்," என்றாள்.

"சேச்சி..." என்றார் ஜங்கார்க்காரர்.

"எறங்க மாட்டேன்னு சொன்னேன்ல? அந்த ஐஸ் லாரிய பின்னால போகச் சொல்லுங்க. அது கடைசிக்குப் போனா இந்தப் பக்கம் மேல வரும். அங்க ஏறும்போது வந்துச்சே, நான் பாத்தேனே."

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். ஐஸ் உருகுகிறது, முனம்பத்தில் படகுகள் காத்திருக்கின்றன, ஒரு காருக்காக லாரி ரிவர்ஸ் எடுக்க வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். வசந்தா அவருக்கு மலையாளத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன். அந்தக் காரம் வராது.

"அண்ணா, இந்த வண்டிக்குக் கதவு ரெண்டுதான். நான் எறங்கணும், சீட்ட மடக்கணும், எங்கம்மா எறங்கணும். எங்கம்மா மடியில அண்டா இருக்கு, அது வர்ற வழியில வராது, அதுக்குள்ள விளக்கு இருக்கு, தேங்கா இருக்கு. எல்லாத்தையும் எறக்கி முடிக்கறதுக்குள்ள உங்க ஐஸ் மொத்தம் தண்ணியாயிடும். நீங்க ரிவர்ஸ் எடுக்க எவ்வளவு நேரம்?"

டிரைவர் உள்ளே எட்டி மாமியாரைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். ரிவர்ஸ் போட்டார்.

லாரி பின்முனைக்குப் போனது. ஜங்கார்க்காரர் கையைத் தட்டி நடந்து வந்தவர்களையும் பின்னால் தள்ளினார், மீன்காரர் ஒருவர், "கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் முனை உயர்ந்தது. ஒரு சாண் இருக்கும், கூட இருக்காது. ஜங்கார்க்காரர் படுத்துப் பார்த்துக் கையை அசைத்தார். நான் மூச்சை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டேன், அதனாலும் வண்டி ஒரு நூல் உயரும் என்பதுபோல. கிளட்சை விட்டேன். ஸ்பாய்லர் பலகையைத் தடவிக்கொண்டு ஒரு நீளமான முனகலோடு மேலே ஏறியது. பிறகு அடிவயிறு. பிறகு பின்சக்கரம். கரை.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். திட்டா பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

தீவன வியாபாரி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வசந்தாவின் ஜன்னல் அருகே வந்தார். "வண்டிய ஒண்ணு பாக்கட்டே?"

"ஞாறக்கல் போய் சேரட்டும்," என்றாள் வசந்தா. "இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கு."

காலை 9.20, ஞாறக்கல்

வைப்பின் தீவின் சாலை கயிறுபோல நேராகப் போகிறது. ஒரு பக்கம் இறால் வளர்க்கும் வயல்கள், மறுபக்கம் தென்னைகளின் இடையே கடல் சத்தம். அதையெல்லாம் நின்று வர்ணிக்க ஆசைதான். என் கண் முழுக்கத் தார்மேல் இருந்தது. ஒரு சர்ச் வாசலில் மேடு ஒன்று வந்தது. ஓரத்தில் மழைநீர் ஓட விட்டிருந்த இடைவெளியில் ஒரு சக்கரத்தை விட்டுத் தாண்டினேன். தாமுவின் ஜீப் பின்னால் வந்தது, வியாபாரி அதில் இருந்தார். இருவரும் எப்போது இறக்குவேன் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். பின்சீட்டில் மாமியார் கால் மரத்துவிட்டதென்றார். "அஞ்சு நிமிசம் பொறுங்கம்மா" என்று அவரிடம் சொன்னது நானல்ல, வசந்தா.

வீடு வந்தது. மஞ்சள் சுவர், மாவிலைத் தோரணம், புது இரும்புக் கேட். கேட்டின் முன்னால் தாமு தன் ஜீப்பின் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருந்தான். ஆட்டுக்குட்டிகூடச் சறுக்கும். பின்னால் தள்ளி நிறுத்த ஐஸ் லாரி கிடையாது, தூக்கிவிடக் கடலும் கிடையாது.

நான் இஞ்சினை நிறுத்தினேன். வீட்டுவாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் எட்டடி. வசந்தா சரிவைப் பார்த்தாள். கண்ணாடியில் ஜீப்பைப் பார்த்தாள். தாமு இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, எறங்கறீங்களா?"

வசந்தா கதவைத் திறந்து இறங்கினாள். புடவையை உதறிக்கொண்டாள்.

"வீடு வந்தாச்சு தாமு," என்றாள். "வீட்டுக்கு வந்தா எறங்கத்தான செய்வாங்க? வா, அண்டாவப் பிடி."

வியாபாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையில் தேங்காயைக் கொடுத்தாள். பத்தரைக்கு முன்பே பால் பொங்கியது. அவரும் இருந்து சாப்பிட்டார், பாயசம் இரண்டு முறை வாங்கினார். கார் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் காலை இட்லிகளையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மாலை 4.45, திரும்பும் வழி

மாமியார் மகளோடு தங்கிவிட்டார், அண்டாவும்தான். வைப்பின் படகுத்துறைக்கு வந்தபோது ஏற்றம் கரையைத் தொட்டு நின்றது. ஜங்காரின் பலகை மேசைபோலச் சமமாகக் கிடந்தது. கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. அக்கரையிலும் அப்படியே இறங்கியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை, கையைத் தட்டவில்லை, பலகை போட்டவர்கூட எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரிக்காரர்கள் எல்லோரும் தங்கள் வண்டிகளில் தினமும் இப்படித்தான் போய்வருகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு என்னவோ உப்பில்லாத கஞ்சி குடித்ததுபோல இருந்தது. அதை வெளியே சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

ஃபோர்ட் கொச்சிச் சாலைக்கு வந்ததும் வசந்தா ஒருமுறை ஜங்காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.