ஆறு வாரச் சோப்பு

ஜனவரி 6: தேங்காய் எண்ணெய் 1000 கிராம், காஸ்டிக் சோடா 200.
ஜனவரி 27: எண்ணெய் 1000, சோடா 180.
பிப்ரவரி 20: எண்ணெய் 1000, சோடா 170.

சாவி வெட்டிக்கொண்டிருக்கும் பூட்டுக்காரர் பாதியில் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவார். பீரோவின் மேல் செய்தித்தாளில் பதினான்கு துணிச் சோப்புக் கட்டிகள். ஒன்றை எடுத்து நுனிநாக்கில் வைப்பார். சுரீரென்றால் காரம் இன்னும் அடங்கவில்லை. காலையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அடைக்கோழிகூட முட்டைய இத்தனை தடவை எட்டிப் பாக்காது" என்பாள் மனைவி.

பூட்டுக்காரர் காலில் சக்கரம் கட்டியவர். பேருந்துக்கு நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, நடுவழியில் பேருந்தைக் கோட்டைவிடுவார். அவர் போய் ஆறு வாரம் காயவேண்டிய வேலையில் இறங்கியது மனைவிக்காக. ஆஸ்பத்திரிச் சலவையறையில் அவளுக்குக் கைத்துவையல். அங்கே தரும் பவுடரில் உள்ளங்கை வெடித்துவிட்டது. சோப்பை மாற்று, இல்லை வேலையை விடு என்றார் டாக்டர்.

முதல் கூட்டு சோடா மிஞ்சி உதிர்ந்துபோனது. அதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாவதை மூன்றாம் வாரமே எடுத்து, சுற்றிய தாளில் ஜனவரி 6 என்று எழுதி நீட்டினார். அவள் தேதியை நம்பித் துவைத்தாள். தோல் உரிந்து, ஒன்பது நாள் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. உண்மை தெரிந்தபோதும் அவள் சத்தம் போடவில்லை.

"சோப்பு சுட்டது ஆறிடும். இனிமே நீங்க ஒரு தேதி சொன்னா அதை நான் எப்படிங்க நம்பறது?"

மூன்றாவது கூட்டில், ஈரம் இருக்கும்போதே, சாவிக்கு எண் குத்தும் இரும்பு அச்சால் கட்டிக்குக் கட்டி தேதியைப் பதித்தார். ஏப்ரல் 3 வரை அவற்றை அவர் நாக்கைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. அன்று அவளே எடுத்து வீட்டுத் துணியைத் துவைத்துவிட்டு வந்து கையை விரித்தாள். சிவக்கவில்லை.

வெளிச் சோப்புக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒப்புக்கொள்ளவேண்டும். மறுத்தால் வேலை போய்விடும். அதுவரை அவளுக்குப் போர்வை மடிக்கும் வேலை. அவள் விண்ணப்பத்துக்கு வந்த முதல் பதில் மாதிரிக்கு ஒரு கட்டி கேட்டது. இரண்டாவது, முடிவு பின்னர் என்றது. பூட்டுக்காரர் தபால்காரரை நாலு தெரு முன்னாலேயே மடக்கத் தொடங்கினார்.

கடைசிக் கடிதம் முற்பகல் பதினொன்றுக்கு வந்தது, மனைவி பெயருக்கு. அவர் பிரிக்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும் இல்லை. மேசை நடுவில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். அவள் வர ஆறு மணியாகும். அன்று தேதி ஏப்ரல் 21.