இடது கையால் ஒரு தேத்தண்ணி

தாதிகளைப் போல மோசமான நோயாளிகள் உலகத்தில் கிடையாது. வேலையில் இருந்த காலமெல்லாம் அரசாங்க கிளினிக்கில் ஊரையே அதட்டி மாத்திரை விழுங்க வைத்தவள் நான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின், என்னைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்களையெல்லாம் குறை சொல்லியே விரட்டினேன். கடைசியில் மிஞ்சியது என் மகள். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். விடியுமுன் மலேசியப் பக்கத்தில் எங்கள் ஊரான கூலாயிலிருந்து கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, இருட்டிய பிறகு வீடு திரும்புவாள். அலுத்துக்கொண்டாலும் அந்த வேலை அவளுக்கு உயிர். எனக்காக அதை விட்டாள்.

எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கலைப் பட்டறை நடக்கிறது, முதியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்து வரலாம் என்று அவள்தான் கேள்விப்பட்டு வந்தாள்.

“இந்த வயசுல என்னைப் போயி கலர் அடிக்கச் சொல்றியா?” என்றேன்.

“உங்களுக்காக இல்லம்மா. எனக்காக. போலாம் வாங்க.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

மண்டபத்தில் எங்களுக்குக் களிமண், வண்ணம், பாட்டுக்குக் கை தூக்குவது. பின்னறையில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் தனியாக ஏதோ வரையும் பயிற்சி. முதல் வாரம் அங்கே பாதிப் பேர் தூங்கிவிட்டார்களாம். பட்டறை நடத்திய பெண் ஒருவரையும் எழுப்பவில்லை. ‘சரி, விஷயம் தெரிந்தவள்தான்’ என்று அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

கடைசி சனிக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்காருவோம், அன்றைக்கு நாங்கள் எங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்றாள் பட்டறைப் பெண். ஒரு மலாய்ப் பெரியவர் மனைவிக்காகப் பாடப்போவதாகச் சொன்னார். எனக்குப் பாடவும் வராது, கொஞ்சவும் வராது. “நான் எம்மகளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறேன்” என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்த வாரம்தான் மகளின் பழைய மேலாளர் போன் செய்திருந்தார். அவளுடைய இடம் மறுபடியும் காலியாம். அடுப்படியில் நின்று, “அம்மாவ விட்டுட்டு எப்படி லா?” என்று பேசிக்கொண்டிருந்தாள். பட்டறை முடிந்ததும் பதில் சொல்வதாகத் தவணை வாங்கினாள்.

“ஆசையா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“ஆசை இருந்து என்ன செய்யிறது?” என்று ஏற்கெனவே துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

ஊன்றுகோல் இருந்தால் நான் நடந்துவிடுவேன். மதியத்தில் எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டம்மா தயார். மகளுக்குப் பயமெல்லாம் சுடுதண்ணீர்தான். இடது கையால் சிந்தாமல் ஊற்றிக் காட்டிவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பட்டறையில் மற்றவர்கள் களிமண் பிசையும்போது நான் தேத்தண்ணிக் கூஜாவில் பச்சைத் தண்ணீரை நிரப்பிக் கோப்பையில் ஊற்றி ஊற்றிப் பழகினேன். ஊற்றியபின் சொல்லவேண்டியதையும் பட்டறைப் பெண்ணிடம் ஒப்பித்தேன்: “நீ வேலைக்குப் போம்மா. நான் சமாளிச்சுக்குவேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பாரி வேண்டாம் என்று அதட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மகள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கூஜாவைத் தூக்கினேன். பச்சைத் தண்ணீருக்கு நடுங்காத கை, ஆவியைக் கண்டதும் நடுங்கியது. கூஜாவின் மூக்கு கோப்பையில் இடித்தது. தட்டில் கொஞ்சம் சிந்தியது. கொஞ்சம்தான்.

“ஐயோ அம்மா, கையில ஊத்திக்கப் போறீங்க, கொண்டாங்க!”

நான் நிதானித்துக்கொள்வதற்குள் கூஜா அவள் கைக்குப் போய்விட்டது. ஊற்றினாள், ஆற்றினாள், கோப்பையை என் உதட்டருகே கொண்டுவந்தாள். “அலமாக், எவ்ளோ பாசம் பாருங்க!” என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். பட்டறைப் பெண் மட்டும் தட்டவில்லை. “ஆண்டி, ஏதோ சொல்லணும்னீங்களே?” என்று எனக்கு வழிவிட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஊரையே அதட்டிய வாய்க்கு அந்த ஒரு வரி வரவில்லை. வாயைத் திறந்து, குடித்து, “நல்லா இருக்கு” என்றேன்.

காரில் வரும்போது மகள் சொன்னாள்: “வேலைக்கு வரலன்னு மெசேஜ் அனுப்பிட்டேன்மா. இன்னிக்குத்தான் பார்த்தேனே, உங்க கை எப்படி நடுங்குதுன்னு. எப்படி விட்டுட்டுப் போறது?”

அவளை அனுப்பிவைக்க நான் செய்த காரியமே அவள் காலைக் கட்டிவிட்டது. இன்னொரு தடவை ஊற்றிக் காட்டுகிறேன் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். “சரிம்மா” என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இனி வீட்டில் தனியாக இருக்கவேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முன்பெல்லாம் பகலில் படுக்கவே மாட்டாள். இப்போது மதியச் சாப்பாடு ஆனதும் படுத்துவிடுகிறாள்.

அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய் இடது கையாலேயே தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறேன். ஒரு சொட்டு சிந்துவதில்லை. அவள் எழுந்திருப்பதற்குள் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, “தேத்தண்ணி போடட்டுமாம்மா?” என்று கேட்பாள். போடச் சொல்வேன்.